ஆணி டப்பா

பாம்பன் கரையில் இன்று சித்தப்பா பழைய வள்ளத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு ஆணியாக நெம்பி, பெயிண்ட் டப்பாவில் போட்டார். உப்பு தின்று பாதியாகிப்போன ஆணிகள்.

"விறகுக்குத்தானே சித்தப்பா, அப்படியே உடைச்சா என்ன?"

"பிள்ளைக நடமாடுற கரைடா."

கலிஃபோர்னியா கடற்கரையில் சான் ஓனோஃப்ரே அணுமின் நிலையத்தை நிரந்தரமாக மூடுவதாக 2013-இல் அறிவித்தார்கள். பிரித்தால் கடலுக்கும் கரைக்கும் என்ன ஆகும் என்ற சுற்றுச்சூழல் அறிக்கைக்கு அந்த மாநிலம் ஒப்புதல் தந்தது 2019-இல்தான். பயன்படுத்திய எரிபொருள் இன்னும் அலைக்குப் பக்கத்திலேயே கலன்களில் இருக்கிறது. அதிலுள்ள சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறையவே சுமார் 30 வருடம்.

நம் மன்னார் வளைகுடாவின் தென்கோடியில் கூடங்குளம். முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014 கடைசியில். பிரிக்கும் காலம் வெகுதூரம். அதற்கென்று யூனிட்டுக்கு 2 பைசா இப்போதே எடுத்துவைக்கிறார்கள்.

சரி, காசு சேரும். கழிவு எங்கே போகும், கடல்நீர்க் குழாய்களை என்ன செய்வார்கள் என்று கரைக்காரனிடம் யார், எப்போது பேசுவார்கள்?

நான் கிளம்பும்போது சித்தப்பா பலகையின் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு ஆணி குறைகிறதாம். மணலைச் சலிக்க உட்கார்ந்துவிட்டார்.