பட்டியலின் கடைசிப் பாகம்

அக்கா தொலைபேசியில் அழைத்தபோது ஒரு நல்ல காரியத்தை முடித்துவிட்ட நிறைவு அவர் குரலில் இருந்தது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் கையில் ஒரு தாளுடன் வீட்டுக்கு வந்து, அக்கா மகனின் பெயரைச் சொல்லி, "இவர் இந்த வீட்டில்தான் குடியிருக்கிறாரா?" என்று கேட்டாராம். "இல்லைங்க, அவன் பட்டாளத்தில் இருக்கிறான். ரெண்டு வருஷமாக ஜம்மு பக்கம்" என்று அக்கா சொல்ல, அவரும் தாளில் எதையோ குறித்துக்கொண்டு போய்விட்டாராம். "கேட்டதுக்கு உள்ளதைச் சொன்னேன் தம்பி" என்றார். உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தத் தாள், அவர் மகன் வாக்காளராகப் பதிய சில வாரங்களுக்கு முன் தன் யூனிட்டில் உட்கார்ந்து நிரப்பி அனுப்பிய படிவம் 2 என்பதும், முகவரியைச் சரிபார்க்கத்தான் அது வாசல்வரை வந்தது என்பதும் அவருக்குத் தெரியாது.

ராணுவத்தில் எழுத்தராக 22 ஆண்டுகள் இருந்துவிட்டு 2020-இல் ஓய்வுபெற்றவன் நான். சம்பளம், விடுப்பு, பயண வாரண்டு ஆகியவற்றோடு வாக்காளர் படிவங்களும் என் மேசை வழியாகவே போய்வந்தன. அந்தக் காலம் முழுவதும் நான் கண்ட குழப்பங்களில் பெரும்பாலானவை யூனிட்டில் தோன்றியவை அல்ல. மகனின் பெயர் விட்டுப்போய்விடக் கூடாதே என்ற அக்கறையில் வீட்டார் செய்த காரியங்களால் வந்தவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அக்காவிடம் கேட்கப்பட்ட கேள்வியைப் பார்ப்போம். சாதாரணமாக எங்கே வசிக்கிறோமோ அங்கேதான் வாக்காளராகப் பதிய முடியும் என்பது பொது விதி. படைவீரருக்கு 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 20-ஆவது பிரிவில், வேறொரு கணக்கை வைத்திருக்கிறது: இந்தப் பணியில் சேராமல் இருந்திருந்தால் அவர் எந்த ஊரில் குடியிருந்திருப்பாரோ, அந்த ஊரிலேயே அவர் வசிப்பதாகக் கொள்ள வேண்டும். அவர் சியாச்சினில் இருக்கலாம், அந்தமானில் இருக்கலாம், கப்பலில் நடுக்கடலில் இருக்கலாம். சட்டத்தின் கண்ணுக்கு அவர் அம்மா வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். மேலும், உரிய படிவத்தில் அவர் கையொப்பமிட்டுத் தரும் வசிப்பிட வாக்குமூலத்தை, அதற்கு மாறான சான்று இல்லாதவரை சரியென்றே ஏற்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே "இங்கே இருக்கிறாரா?" என்ற கேள்விக்கு வீட்டார் சொல்லவேண்டிய பதில், "இது அவருடைய வீடு, பணிக்காக வெளியே இருக்கிறார்" என்பதே. இரண்டாவது பாதியை மட்டும் சொன்னால், வீடு மாறிப் போனவர்களின் கணக்கில் அவரும் சேர்ந்துவிடுவார்.

இந்த ஏற்பாடு ராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றுக்கு மட்டும் உரியதன்று. ராணுவச் சட்டத்தின் விதிகள் பொருத்தப்பட்ட எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப். போன்ற படைகளில் இருப்போரும், தம் மாநிலத்துக்கு வெளியே பணிபுரியும் மாநில ஆயுதப் போலீசாரும், வெளிநாட்டில் மத்திய அரசுப் பதவியில் இருப்போரும் இதில் அடங்குவர். இவர்கள் எல்லோருக்கும் பொதுப்பெயர் சேவை வாக்காளர். படைகளில் இருப்போருக்குப் படிவம் 2, மாநில ஆயுதப் போலீசாருக்கு 2ஏ, வெளிநாட்டுப் பணியாளர்களுக்கு 3.

படிவம் 2 பார்வைக்கு எளிது. படைஎண், பதவி, ரெஜிமெண்டின் பெயர், பணிப்பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் அலுவலகத்தின் முகவரி ஆகியவற்றை எந்தச் சிப்பாயும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவான். மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரன் என்றால் வெலிங்டன் என்று யோசிக்காமல் எழுதுவான். அவன் பேனா நிற்கும் இடம் வீட்டு முகவரிதான். கதவு எண், தெரு, ஊர், அஞ்சலகம், காவல் நிலையம், தாலுகா, மாவட்டம் என்று அந்தப் பகுதி நீளும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஊரைவிட்டு வந்த பையனுக்குத் தன் வீட்டின் எண் பெரும்பாலும் தெரியாது. தெரிந்தாலும் அது பழைய எண்ணா, புதிய எண்ணா என்பது தெரியாது. "அம்மன் கோயிலுக்கு எதிர்ச்சந்து" என்று படிவத்தில் எழுதிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தாலுகா பிரிக்கப்பட்டதையும் மாவட்டம் பிரிக்கப்பட்டதையும் அறியாமல் சேர்ந்த காலத்து முகவரியையே தொடர்ந்து எழுதுபவர்கள் இன்னும் அதிகம். அப்படிப்பட்ட படிவம் எந்தத் தொகுதிக்குப் போவது என்று தெரியாமல் அலைந்து, கடைசியில் திரும்பி வரும். வீட்டில் இருப்பவர்கள் உதவ விரும்பினால், குடும்பத்தில் வேறொருவரின் வாக்காளர் பதிவில் உள்ள முகவரியையும் தொகுதியின் பெயரையும் அப்படியே அனுப்பிவைக்கலாம். அதுவே பெரிய உதவி.

ஆனால் வீட்டார் செய்வது பெரும்பாலும் வேறு. பையனுக்குப் பதினெட்டு நிறைந்ததும் படிவம் 6 கொடுத்து, பொதுப் பட்டியலில் பெயரைச் சேர்த்து, அடையாள அட்டையையும் வாங்கி பீரோவில் வைத்துவிடுகிறார்கள். அதில் தவறில்லை, அப்போது அவன் ஊரில்தான் இருந்தான். படையில் சேர்ந்த பிறகு படிவம் 2-இல், தான் வேறெங்கும் பொது வாக்காளராகப் பதிந்திருக்கவில்லை என்று அவன் கையெழுத்திட வேண்டும். ஊரிலோ அவன் பெயர் வீட்டு எண்ணுக்கு நேரே பத்திரமாக இருக்கிறது. ஒருவர் இரண்டு தொகுதிகளில் பதிந்திருப்பதையும், ஒரே தொகுதியில் இரண்டு முறை பதிந்திருப்பதையும் சட்டம் தடைசெய்கிறது. பதிவில் பொய்யான வாக்குமூலம் கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. தெரியாமல் நேர்ந்ததற்கு யாரும் சிறைக்குப் போய் நான் பார்த்ததில்லை. படிவம் திரும்பி வந்து, ஒரு தேர்தல் கைநழுவிப் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பொதுப் பட்டியலில் உள்ள பெயரை முதலில் நீக்கச் சொல்லி, அதன் பிறகு படிவம் 2 கொடுப்பதே வரிசை. சேவை வாக்காளருக்கு அடையாள அட்டை வழங்கப்படுவதில்லை. வாக்குப்பதிவு நாளில் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தாலும் பீரோவில் உள்ள பழைய அட்டையை எடுத்துக்கொண்டு சாவடிக்குப் போக முடியாது. அவரது வாக்கு பொதுவாகத் தபாலில்தான்.

மனைவியின் பதிவிலும் இதேபோன்ற குழப்பம் உண்டு. கணவரோடு பணியிடக் குடியிருப்பில் தங்கியிருக்கும் மனைவி, அவரது படிவத்தின் வழியாகவே சேவை வாக்காளர் ஆகலாம். மாமியார் வீட்டில் தங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் மனைவி அப்படி ஆக முடியாது; அவர் ஊரில் எல்லோரையும்போல் பொது வாக்காளர். உடன் வசிக்கும் மகனுக்கும் மகளுக்கும் வயது வந்திருந்தாலும் இந்தச் சலுகை கிடையாது. 2021-இல் திருத்தம் வரும்வரை சட்டத்தில் 'மனைவி' என்ற சொல்தான் இருந்தது. பெண் அதிகாரியோடு வசிக்கும் கணவருக்கு இடமே இல்லாமல் இருந்ததை இத்தனை ஆண்டுகள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

குடும்பத்தோடு அமைதிப் பகுதியில், அதாவது போர்முனை அல்லாத பணியிடத்தில், பணிபுரிபவர் விரும்பினால், அந்த ஊரிலேயே பொது வாக்காளராகப் பதியவும் வழி உண்டு. 2014 மக்களவைத் தேர்தலுக்கு முன் உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம் அது. எங்கள் ஆட்களில் அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் குறைவு. இரண்டு, மூன்று ஆண்டுகளில் மாறிப்போகும் ஊரின் சட்டமன்ற உறுப்பினரைவிடச் சொந்த ஊர்க் குளம் தூர்வாரப்படுமா என்பதே அவர்களுக்கு முக்கியமாக இருந்தது.

பதிவு சரியாக இருந்தும் வாக்கு வீணான காலமும் உண்டு. 2009-இல் தமிழ்நாட்டில் மே 13 அன்று வாக்குப்பதிவு. 16 அன்று வாக்கு எண்ணிக்கை. வடகிழக்கில் ஒரு மலைமுகாமில் இருந்த எனக்கு வாக்குச்சீட்டு வந்துசேர்ந்தபோது, புதிய அமைச்சரவையில் யார் யார் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. தோற்றவர், ஜெயித்தவர் எல்லோர் பெயரும் அச்சிட்ட அந்தத் தாளை நெடுநாள் பெட்டியில் வைத்திருந்தேன். போகும்போதும் தபால், வரும்போதும் தபால் என்றால் அப்படித்தான் நடக்கும். 2016 அக்டோபரில் விதி திருத்தப்பட்டு, வாக்குச்சீட்டை மின்னணு வழியில் அனுப்பும் முறை வந்தது. அதே ஆண்டு நவம்பரில் புதுச்சேரியின் நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில்தான் அது முதன்முதலாகப் பயன்பட்டது. 2019 மக்களவைத் தேர்தலில் பதிந்திருந்த சுமார் 18 லட்சம் சேவை வாக்காளர்களில் 60 விழுக்காட்டினரின் வாக்கு உறைகள் எண்ணும் இடத்துக்கு வந்துசேர்ந்தன.

அந்த 2019 தேர்தலில் எங்கள் அலுவலகத்தின் அச்சுப்பொறிக்கு எதிரே நின்றவன் நான். கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. ஒன்று, கோப்பைத் திறக்க உதவும் பின் எண் ஒன்று என இரண்டு பூட்டுகள். திறந்தால் வாக்குச்சீட்டு, உறுதிமொழிப் படிவம், உறைகளின் மேல் ஒட்டவேண்டிய தாள்கள் எல்லாம் வரும். குறியிட்ட வாக்குச்சீட்டு சின்ன உறைக்குள் போக வேண்டும்; அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்ட 13ஏ உறுதிமொழி, சின்ன உறைக்குள் போகாமல், அதோடு சேர்ந்து பெரிய உறைக்குள் போக வேண்டும். நான் பார்த்தவரை அதிகமாக நேர்ந்த தவறு இங்கேதான்: உறுதிமொழியையும் வாக்குச்சீட்டோடு மடித்துச் சின்ன உறையில் வைத்து ஒட்டிவிடுவார்கள். எண்ணும் இடத்தில் உறுதிமொழியைப் பார்த்த பிறகே உள்ளுறையைத் திறப்பார்கள் என்பதால், அந்த வாக்கு திறக்கப்படாமலே கழிந்துவிடும். பசை காய்வதற்குள் பிரித்துக்கொடுத்த உறைகள் எத்தனையோ.

திரும்பும் பயணம் இன்றும் தபாலில்தான். எண்ணிக்கை நாளன்று காலை 8 மணிக்கு முன் தேர்தல் நடத்தும் அலுவலரின் கையில் உறை இருக்க வேண்டும். வேட்பாளர் பட்டியல் இறுதியான பிறகே வாக்குச்சீட்டு உருவாகும் என்பதால், இடையில் உள்ள நாட்களே வீரனுக்குக் கிடைக்கும் அவகாசம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு வேட்புமனுக்களைத் திரும்பப் பெறும் கடைசி நாள் மார்ச் 30. எண்ணிக்கை ஜூன் 4. இரண்டு மாதங்களுக்கு மேல். ஏழாம் கட்டத்தில் இருந்த மாநிலத்துக்காரனுக்கோ மே 17-இலிருந்து பதினெட்டே நாட்கள். ஒரே முகாமில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர்களுக்குள் இப்படி ஒரு வேறுபாடு.

தபாலை நம்பாதவர்களுக்கு 2003 முதல் பதிலாள் வாக்கு இருக்கிறது. படிவம் 13எஃப் மூலம் தொகுதியிலேயே வசிக்கும் ஒருவரை நியமித்தால், அவர் சாவடிக்குப் போய் வீரரின் வாக்கையும் போடுவார். அதற்கான மை இடக்கையின் நடுவிரலில் வைக்கப்படும். முப்படையினருக்கும், ராணுவச் சட்ட விதிகள் பொருந்தும் படையினருக்கும் மட்டுமே இந்த வசதி. அப்பாவை நியமித்த நண்பர் ஒருவர், "நான் சொன்ன சின்னத்துக்குத்தான் போட்டாரா என்று இன்றுவரை கேட்கவில்லை" என்பார். எனக்கு உறையே மேல்.

அக்கா மகனின் படிவத்துக்கு வருகிறேன். மறுநாளே அக்காவை அழைத்துக்கொண்டு தாலுகா அலுவலகம் போனேன். பொதுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை என்பதைக் காட்டி, "இது அவனுடைய வீடுதான்" என்று அக்கா எழுதிக்கொடுத்தார். அங்கிருந்த அலுவலர் பொறுமையாகக் கேட்டு, வாங்கிவைத்துக்கொண்டார். பட்டியல் வெளியானபோது அக்கா எங்கள் தெருவின் பாகத்தை இரண்டு முறை புரட்டிவிட்டு, பெயர் இல்லையென்று மறுபடியும் அழைத்தார். சேவை வாக்காளர்கள் எந்தத் தெருவின் பாகத்திலும் இருக்க மாட்டார்கள். தொகுதி முழுவதற்கும் சேர்த்துக் கடைசிப் பாகத்தில் இருப்பார்கள். அதை எடுத்துக் கொடுத்தேன். "கடைசியிலேயா போட்டிருக்காங்க?" என்று முகம் சுருங்கினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கிவந்தார். மகன் பெயரைத் தாண்டியும் விரல் நிற்கவில்லை. "இது நம்ம தையற்கடைக்காரர் மகன்தானே? இவன் எப்போ பட்டாளத்துக்குப் போனான்?"