பழைய தேதி போட்டு அச்சடித்த ஜோசியம்

எங்காவது போர் மூண்டால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா அனுப்பிவிடுவார்: "நாஸ்ட்ராடாமஸ் 1555-லேயே சொல்லிட்டார்." நாஸ்ட்ராடாமஸ் ஒரு பிரெஞ்சு ஜோசியர். வருங்காலத்தைச் சொல்வதாக அவர் எழுதிய நாலு வரிப் பாடல்கள் எல்லாம் எண் போட்டவை. "எந்த எண் பாட்டுன்னு கேளுங்க பெரியப்பா" என்பேன். அனுப்பியவர்கள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

இரண்டாம் உலகப் போரில் இந்த ஜோசியத்தை ஆயுதமாகவே எடுத்தார்கள். 7 முதல் 10-ம் தேதிக்குள் ஹிட்லர் உயிருக்கு ஆபத்து என்று 1939 நவம்பர் தொடக்கத்தில் கடிதம் எழுதினார் கார்ல் எர்ன்ஸ்ட் கிராஃப்ட் என்ற சுவிஸ் ஜோசியர். 8-ம் தேதி இரவு மியூனிக்கில் ஹிட்லர் பேசிய பீர் மண்டபத்தில் குண்டு வெடித்து 8 பேர் இறந்தார்கள். "பாத்தியா, பலிச்சிடுச்சே!" என்றார் பெரியப்பா. சரி, பலித்தது. ஆனால் ஹிட்லரைக் காப்பாற்றியது பனிமூட்டம். விமானம் கிளம்புவது சந்தேகம் என்று ரயிலைப் பிடிக்க முன்னதாகவே புறப்பட்டுவிட்டார். 13 நிமிடம் கழித்துத்தான் வெடித்தது. குண்டு வைத்த கியோர்க் எல்சர் ஒரு தச்சர். இரவு இரவாக ஒளிந்திருந்து மண்டபத் தூணைக் குடைந்தவர். அவரைத்தான் நாம் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

கிராஃப்ட்டை நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ பிடித்து விசாரித்துவிட்டு விட்டது. அப்புறம் ஹிட்லரின் அமைச்சர் கோயபல்ஸின் பிரச்சாரத் துறை அவரை வேலைக்கு எடுத்தது. ஜெர்மனிதான் ஜெயிக்கும் என்று நாஸ்ட்ராடாமஸ் பாடல்களுக்குப் பொருள் சொல்ல வேண்டும், அதுதான் வேலை.

பிரிட்டனும் சும்மா இல்லை. லூயி டி வோல் என்ற ஜோசியரை 1941-ல் அமெரிக்காவுக்கு அனுப்பி, ஹிட்லர் தோற்பார் என்று ஊர் ஊராகப் பேசவைத்தது. அவரை அனுப்பியது யார் என்று பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியாது. ஜெர்மன் ஜோசியப் பத்திரிகை ஒன்றின் பெயரில் போலி இதழ்களும் தயாரித்தார்கள். நடந்து முடிந்த ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் இழப்புகளை வரப்போவதாக எழுதி, பழைய தேதி போட்டார்கள். படிக்கிற மாலுமிக்கு அதெல்லாம் அச்சு அசலாகப் பலித்தது போலத் தெரியும். அப்புறம் அதே இதழ் 'இந்த நாளில் கடலுக்குப் போகாதே' என்றால் அவன் வயிறு கலங்காதா? எதிரி நாஜிதான், ஆனாலும் பயந்த மனிதனின் நம்பிக்கைக்குள் இப்படிக் கையை நுழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1941 மே மாதம் ஹிட்லரின் துணைத்தலைவர் ஹெஸ் தனியாக விமானம் ஓட்டி ஸ்காட்லாந்தில் போய் இறங்கினார். ஜோசியர்கள்தான் அவர் மனசைக் கெடுத்தார்கள் என்று பழி போட்டு, நாஜிகள் நாடு முழுக்க அவர்களைப் பிடித்தார்கள். கிராஃப்ட்டும் மாட்டினார். காவலில் வைத்தும் அவரிடம் பிரச்சார வேலை வாங்கினார்கள். 1945 ஜனவரியில், புக்கன்வால்ட் நாஜி வதை முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் அவர் இறந்தார்.