ஒன்றரை லட்ச ரூபாய் காரின் மாதக் கணக்கு

சித்தி மகன் 2012 மாடல் ஆல்ட்டோ ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். விலை ஒன்றரை லட்சம். "பெட்ரோலுக்கு மாதம் மூவாயிரம் ஒதுக்கினால் போதும்தானே அண்ணா?" என்று கேட்டான். போதாது. சென்னைத் துறைமுகத்தை ஒட்டி, சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் அலுவலகத்தில் கணக்கு எழுதுவது என் வேலை. வீட்டுக் காருக்கும் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் அவனுக்குப் பதில் சொன்னேன். இந்த யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 2014 மாடல் ஆல்ட்டோ 800. நான்கு ஆண்டுகளுக்கு முன் 1,80,000 ரூபாய்க்கு வாங்கினேன். இன்று விற்கப் போனால் 1,10,000 தருவார்கள். கரைந்த எழுபதாயிரத்தை மாதங்களுக்குப் பிரித்தால் ஏறக்குறைய 1,450. யாரும் ரசீது கொடுக்காத செலவு என்பதால் பலரும் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. முதலில் எழுத வேண்டியதே இதுதான். அந்த 1,80,000 வங்கியில் ஆறு சதவீத வட்டிக்குக் கிடந்திருந்தால் மாதம் 900 வந்திருக்கும். அதையும் எழுதுங்கள்.

அடுத்தது காப்பீடு. நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரீமியம் காரின் விலையைப் பார்த்து வருவதில்லை, என்ஜின் அளவைப் பார்த்து வருகிறது. ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஷோரூமிலிருந்து நேற்று இறங்கிய வண்டிக்கு மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும், ஆண்டுக் கணக்கில் அதுவும் ஏறக்குறைய இதே விகிதம்தான். சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எனக்கு மாதத்துக்கு 460 ஆகிறது. ஆனால் பத்து ஆண்டு தாண்டிய காருக்குச் சாதாரண பாலிசியில் இழப்பீடு கேட்டால், இரும்பு பாகங்களின் விலையில் பாதியைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். மீதிப் பாதி நம் கையிலிருந்துதான் போகும்.

டயருக்கும் கிளட்சுக்கும் நீங்கள் வண்டியை மலிவாக வாங்கினீர்கள் என்பது தெரியாது. நான்கு டயர் மாற்றப் பன்னிரண்டாயிரம், மூன்று ஆண்டுக்கு ஒரு பேட்டரி, ஆண்டுதோறும் ஆயில், ஃபில்டர் என்று மாதம் 735 போகிறது. ரிப்பேர்தான் பெரிய தொகை, சராசரியாக மாதம் 1,250. மணலி பக்கமும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட பள்ளங்களில் சின்ன கார் ஓடினால் அடியில் சக்கரத்தைத் தாங்கும் லிங்க் ராடும் ரப்பர் புஷ்ஷும் எவ்வளவு நாள் தாங்கும்? புதுப்பேட்டையில் பழைய சாமான் கிடைக்கும்தான். பம்பர், கண்ணாடி, கதவுக் கைப்பிடிக்கு அங்கே போவேன். பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் புதிதாகத்தான் வாங்குவேன், அதில் சிக்கனம் பார்க்க மாட்டேன்.

எங்கள் பகுதிக்கே உரிய செலவு ஒன்று உண்டு: துரு. திருவொற்றியூரில் கடலிலிருந்து நாலு தெரு தள்ளி நிற்கிறது என் வண்டி. ஒரு நாள் எங்கள் மெக்கானிக் பாய் டிரைவர் பக்கத்துத் தரை விரிப்பைத் தூக்கிக் காட்டினார். அடியில் இருந்த பஞ்சு ஈரமாக இருந்தது. அதை விலக்கி ஸ்க்ரூடிரைவர் முனையால் தகட்டைத் தட்டினார். முதலில் டங் என்றது. இரண்டு அங்குலம் தள்ளித் தட்டியதும் சத்தம் மழுங்கிப்போய், பழுப்பு நிறத்தில் செதில் செதிலாக உதிர்ந்தது. கதவின் அடியில் தண்ணீர் வடிய இருக்கும் சிறு துளைகள் மண்ணடைத்துப்போனால், உப்பு ஈரம் உள்ளேயே தங்கித் தகட்டை அரித்துவிடுகிறது. "என்ஜினைப் பிரித்துக் கட்டிவிடலாம் சார், பாடி போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது" என்றார் பாய். டிங்கர் வேலை, அடிப்பாகத்துக்குக் கோட்டிங் இரண்டுக்குமாக மாதம் 400 எழுதுகிறேன்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் தண்ணீர் கார்களின் சீட் வரை ஏறியது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால் சாதாரண பாலிசியில் பொதுவாக இழப்பீடு கிடைக்காது. என்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுக்க வேண்டும், அதைப் பழைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. அதனால் சாவியையே தொடாமல் வண்டியைக் கட்டி இழுத்துப்போனோம். சீட்டையெல்லாம் கழற்றிக் காயவைத்த செலவு மேலே சொன்ன ரிப்பேர் கணக்கில் அடக்கம்.

எங்கள் தெருவில் ஒரு கார் நின்றால் குப்பை வண்டி நுழையாது. காலி மனை ஒன்றில் நிறுத்த மாதம் 1,500 கொடுக்கிறேன். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது. கம்பெனி லிட்டருக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் என்று சொன்னாலும், லாரி வரிசைக்குப் பின்னால் ஏ.சி. போட்டு ஊர்ந்தால் 14 தான். மாதம் 500 கிலோமீட்டருக்கு 3,600.

எல்லாம் சேர்த்தால் மாதம் 10,295. கிலோமீட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல். பெட்ரோல் இதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் வருகிறது. ஒரு மாதம் முழுக்க வண்டியை எடுக்காமலே வைத்திருந்தாலும் விலைச் சரிவு, வட்டி, காப்பீடு, வாடகை என்று 4,300 போய்விடும். எங்கள் பக்கத்து விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை மெட்ரோ டிக்கெட்டே ஐம்பது ரூபாய்தான்.

இவ்வளவு தெரிந்தும் நான் விற்கவில்லை. அம்மாவுக்கு இரவில் மூச்சுத் திணறினால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாசலில் ஆட்டோ தேட என்னால் முடியாது. அந்த நிம்மதிக்கு மாதம் பத்தாயிரம் தரலாம் என்று விலை தெரிந்தே முடிவு செய்திருக்கிறேன். தம்பிக்கு அப்படி ஒரு தேவை இருக்கிறதா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு கல்யாணத்துக்கும் மகாபலிபுரத்துக்கும் போகத்தான் என்றால் வாடகைக் கார் போதும்.

வாங்கியே தீருவேன் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் மெக்கானிக் பாயைக் கூட்டிப்போய்த் தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவன் பார்த்த வண்டிக்கு 2027-இல் பதிவைப் புதுப்பிக்க வேண்டிவரும். பதினைந்து ஆண்டு முடிந்த காருக்கு 2022 ஏப்ரல் முதல் அந்தக் கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. அதற்கும் ரிப்பேருக்கும் சேர்த்து, வண்டி வாங்கும் மாதத்திலிருந்தே தபால் நிலையத்தில் மாதம் 2,500 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. போடச் சொன்னேன். அதைக் கட்ட முடியவில்லை என்றால் இந்த ஒன்றரை லட்ச ரூபாய் கார் அவனுக்குக் கட்டுப்படியாகாது.