முதலில் அவுட்டரை மாற்றுங்கள், ஹைட்ராலிக் அப்புறம்

சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கோரிமேடு வழியாக ஏற்காடு அடிவாரத்துக்கு சைக்கிள் மிதித்து வருபவர்களை இப்போது நிறையவே பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "அண்ணே, கேபிள் பிரேக் சரியாவே பிடிக்கல. ஹைட்ராலிக்குக்கு மாத்திடலாமா?" ஹைட்ராலிக் என்றால் ஒயருக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டிய மலை. கேட்பதில் நியாயம் இருக்கிறது. நான் பதில் சொல்வதற்கு முன் பிரேக் லிவரை ஒருமுறை அழுத்திவிட்டு விடுவேன். சட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். மெதுவாக, மனமில்லாமல் வந்தால் வண்டியில் கோளாறு இருக்கும் இடம் பெரும்பாலும் அவுட்டர், அதாவது பிரேக் ஒயர் உள்ளே ஓடும் உறைக்குழாய்.

நம் ஊரில் பிரேக் ஒயர் அறுந்தால் உள்ளே ஓடும் ஒயரான இன்னரை மட்டும் மாற்றுவதுதான் வழக்கம். பழைய அவுட்டருக்குள்ளேயே புது ஒயரை நுழைத்துத் தந்துவிடுவார்கள். வெளியே பிளாஸ்டிக் உறை பளபளவென்று இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்த அவுட்டரின் ஒரு முனையை வெட்டி வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள், செங்கல் பொடி மாதிரி துரு கொட்டும். அவுட்டர் கீழே வளைந்து தொங்கும் இடத்தில்தான் மழைத்தண்ணீர் தங்குகிறது. துரு அங்கே ஆரம்பித்து இன்னரை உரசிப் பிடித்துக்கொள்கிறது. கை கொடுக்கும் பலத்தில் பாதி அந்த உரசலுக்கே போய்விட்டால் பிரேக் கட்டைக்கு என்ன போய்ச் சேரும்? ஆகவே இன்னர் மாற்றும்போது அவுட்டரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பெரிய செலவில்லை. மாற்றிய பிறகு அதே பழைய பிரேக் கட்டை, அதே ரிம் எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள்.

வாங்கும்போது ஒன்றில் கண்டிப்பாக இருக்க வேண்டும். பிரேக் அவுட்டர் வேறு, கியர் அவுட்டர் வேறு. வெட்டிய முகத்தைப் பார்த்தாலே தெரியும். பிரேக் அவுட்டருக்குள் தட்டைக் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும், கனம் 5 மில்லிமீட்டர். கியர் அவுட்டரில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் ஓடும், வெட்டிய இடத்தில் வட்டமாகப் புள்ளி புள்ளியாகத் தெரியும். இது பெரும்பாலும் 4 மில்லிமீட்டர். பிரேக்கை அழுத்திப் பிடிக்கும்போது வருகிற பலத்தை இந்த நீளவாக்குக் கம்பிகள் தாங்காது. உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும், அதுவும் மிக அவசரமாகப் பிடிக்கும் நேரத்தில். கடையில் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள். இன்னரும் அப்படித்தான்: பிரேக்குக்கு 1.5 அல்லது 1.6 மில்லிமீட்டர், கியருக்கு 1.2 மில்லிமீட்டர் அளவில். துருப்பிடிக்காத ஸ்டீல் இன்னர் கிடைத்தால் அதையே கேளுங்கள். ஒயர் முனையில் லிவருக்குள் மாட்டும் குமிழ்தான் நிப்பிள்: நேர் ஹேண்டில்பாருக்கு உருளை வடிவ நிப்பிள், வளைந்த ரோடு பைக் ஹேண்டில்பாருக்குப் பேரிக்காய் வடிவ நிப்பிள்.

வெட்டுவதில்தான் வேலையே இருக்கிறது. சாதாரண கட்டிங் பிளேயரில் நறுக்கினால் சுருள் நசுங்கி வாய் மூடிக்கொள்ளும், சில சமயம் ஒரு முள் உள்பக்கமாக மடங்கி நிற்கும். அதை அப்படியே விட்டால் இன்னர் ஒவ்வொரு முறையும் அந்த முள்ளில் உரசி இழை இழையாக அறும். வெட்டியதும் முனையை அரத்தால் தட்டையாக ராவ வேண்டும். குத்தூசியை விட்டு உள்குழாயின் வாயை வட்டமாகத் திறந்துவிட வேண்டும். பிறகு அவுட்டர் முனைக்குத் தொப்பி போட வேண்டும். இந்த மூன்றையும் பொறுமையாகச் செய்கிற மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். நீளமும் பார்க்க வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினாலும் இழுக்காத அளவு போதும், அதற்கு மேல் தொங்கினால் தண்ணீர் தங்க இடம் கொடுத்த மாதிரி.

புது அவுட்டருக்குள் வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாய் இருக்கும். அதற்குள் கெட்டி கிரீஸ், பழைய இன்ஜின் ஆயில் எல்லாம் வேண்டாம், தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாட்டியதும் லிவரை நன்றாகப் பலமுறை அழுத்துங்கள். தொப்பிகள் தம் இடத்தில் உட்கார்ந்து கேபிள் கொஞ்சம் தொய்யும், அப்போது மறுபடி இழுத்து முடுக்க வேண்டும். அப்புறம் மாதம் ஒருமுறை லிவர் பக்கம் நிப்பிள் அருகே விரலால் தடவிப் பாருங்கள். ஓர் இழை குத்தினால்கூட அந்த ஒயரின் காலம் முடிந்தது.

அப்பாவின் பழைய சைக்கிளில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது, முழுக்கக் கம்பி பிரேக். லிவரைப் பிடித்தால் கம்பிகள் இழுத்து கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் போய் அழுந்தும். கட்டை தேயுமே தவிர, அறுந்துபோக ஒயரே இல்லாத அமைப்பு. ஆனால் மழையில் நனைந்த குரோம் ரிம்மில் அது பிடிப்பதற்குள் அடுத்த தெரு வந்துவிடும்.

கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஸ்க்கை இரு பக்கமும் பிடிக்கும் கட்டைகள்தான் பேட். பெரும்பாலானவற்றில் ஒரு பேட்தான் நகரும், மற்றது நிலையாக நிற்கும். பேட் தேயத் தேய கேபிளையே முறுக்கிக்கொண்டு போகாமல், அந்த நிலையான பேடை அதற்குரிய திருகில் உள்ளே கொண்டுவாருங்கள்.

சரி, ஹைட்ராலிக். நீண்ட இறக்கத்தில் ஒரே விரலில் வேகத்தை அளந்து குறைக்க முடிவது உண்மையிலேயே பெரிய சுகம். அடிக்கடி மலை ஏறுகிறவர்கள், உடல் எடை கூடியவர்கள், மழையிலும் ஓட்டுகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போதே அதில் என்ன எண்ணெய் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா எல்லாம் மினரல் ஆயில். ஸ்ராமின் பெரும்பாலான பிரேக்குகளில் டாட் எண்ணெய், அதாவது கார், பைக் பிரேக்கில் ஊற்றுகிற வகை. டாட் 4 எந்த ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கிறது என்பதற்காக மினரல் ஆயில் பிரேக்கில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிக் கெட்டுப்போகும், பிரேக்கையே மாற்ற வேண்டி வரும். டாட் எண்ணெய்க்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. தரக் கணக்குப்படி டாட் 4 புதிதில் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி இருந்தால் போதும். குறையும் அந்த 75 டிகிரிதான் நீண்ட இறக்கத்தில் ஆளைக் காப்பாற்றுவது. அதனால் டாட் எண்ணெயைக் காலாகாலத்தில் மாற்றிவிட வேண்டும். பெயின்ட்டில் சிந்தினால் உரித்துவிடும், உடனே துடைத்துக் கழுவுங்கள்.

போன மாதம் அக்கா பையன் வந்து நின்றான். "மாமா, வீலைக் கழட்டி கார்ல போட்டு எடுத்துட்டு வந்தேன், இப்ப திரும்ப மாட்ட முடியல." வழியில் யாரோ லிவரை அழுத்தியிருக்கிறார்கள். நடுவில் டிஸ்க் இல்லாததால் பேடைத் தள்ளும் பிஸ்டன்கள் வெளியே வந்து பேட் இரண்டும் ஒட்டிக்கொண்டன. பேடைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் டயர் லிவரால் பிஸ்டனை நேராக, மெதுவாக உள்ளே தள்ளினோம். ஸ்க்ரூ டிரைவர் கூடாது, பீங்கான் பிஸ்டனாக இருந்தால் விளிம்பு உடைந்துவிடும். வீலைக் கழற்றினால் பேடுகளுக்கு நடுவே அட்டையையாவது மடித்துச் செருகிவிட வேண்டும் என்று அவனிடம் சொல்லி அனுப்பினேன்.

லிவர் ஸ்பஞ்சு மாதிரி அமுங்கி, இரண்டு மூன்று முறை அடித்த பிறகு கெட்டியானால் எண்ணெய் லைனில் ஏர் இருக்கிறது, அதை வெளியேற்றும் பிளீடிங் செய்ய வேண்டும். உங்கள் ஊரில் அதைச் செய்யத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். டிஸ்க்கைத் துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹால் மட்டும் போதும். வாட்டர் சர்வீஸில் விட்டு டீசல் அடிக்கச் சொல்லாதீர்கள், செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது பின் டிஸ்க்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். எண்ணெய் குடித்த பேடைச் சுட்டும் உப்புத்தாளில் தேய்த்தும் தேற்றப் பார்ப்பவர்கள் உண்டு. மலை இறங்குகிற வண்டி என்றால் புது பேடையே போட்டுவிடுங்கள்.