ஒயின் ஷாப்புக்குப் போனேன்

தூத்துக்குடியில் எங்கள் தெருமுனைக்கு ஒயின் ஷாப் வந்த நாளிலிருந்து அம்மா எங்களை அடுத்த தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் அனுப்பினாள். பெயர்தான் ஒயின் ஷாப். அங்கே ஒயின் வாங்கிய மனிதர் ஒருவரையும் நான் கண்டதில்லை. கம்பிக்கதவு, அதற்குள் கசங்கிய நோட்டை நீட்டும் கைகள், அவ்வளவுதான். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு நடையை எட்டிப் போடுவார்கள். அந்தப் பழக்கம் காலோடு ஒட்டிக்கொண்டு பிரான்சுக்கும் வந்துவிட்டது.

திஜோனில் நாங்கள் குடியேறிய தெருவின் மூலையில் ஒரு சிறிய கடை இருக்கிறது. முன்பாதியில் சீஸ் விற்பார்கள். பின்பாதியில் ஐந்து மேசைகள் போட்டு ஒயின் ஊற்றித் தருவார்கள். நான்கு மாதம் நான் எதிர்ப்பக்க நடைபாதையிலேயே போய்வந்தேன். நவம்பரில் ஒரு மாலை, மழை பிடித்துக்கொண்டதால் வேறு வழியின்றி அதன் வாசலில் ஒதுங்கினேன். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பாட்டிகள் ஆளுக்கொரு கோப்பையை வைத்துக்கொண்டு குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காலடியில் காய்கறிப் பை. இவ்வளவுதானா என்று உள்ளே போய்விட்டேன்.

போன்ஜூர் சொல்ல மறந்தேன். கடைக்காரர் தாமே இரண்டு முறை சொல்லி, நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் என்ன வேண்டும் என்று கேட்டார். இந்த ஊரில் வணக்கம் வைக்காமல் விலை கேட்கிறவர் எத்தனை பெரிய ஆளானாலும் மரியாதை தெரியாதவர்தான்.

ஊர்க்காரர்கள் குடிப்பதையே கொடுங்கள் என்றேன். காஸிஸ் என்ற கருநிறச் சிறுபழத்தில் செய்த இனிப்பு மதுவைக் கோப்பையின் அடியில் கொஞ்சம் விட்டு, மேலே அலிகோத்தே என்ற வெள்ளை ஒயினை ஊற்றினார். இதற்குக் கிர் என்று பெயர். ஃபெலிக்ஸ் கிர் ஒரு பாதிரியார். 1945 முதல் 1968 வரை இந்த ஊரின் மேயர். நகரமன்றத்துக்கு வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் இதையே கொடுத்துக் கொடுத்து, பானத்துக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. பனிமய மாதா கோயில் பக்கம் போய்ச் சாமியார் பெயரில் மது இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்?

பாதிக் கோப்பையில்தான் அந்த வாடை மூக்கில் ஏறியது. எனக்குத் திக்கென்றது. வந்த முதல் மாதம் நெத்திலிக் கருவாடு வறுத்தபோது கீழ்வீட்டு அம்மையார் மணியடித்து, உங்கள் வீட்டில் சாக்கடைக் குழாய் அடைத்திருக்கிறதா என்று மிகவும் பணிவாகக் கேட்டிருந்தார். அன்றே மிச்சக் கருவாட்டை நான்கு உறைக்குள் சுற்றி ஃப்ரீசரின் அடியில் புதைத்தேன். இப்போது அதே வாடை, இன்னும் இரண்டு மடங்காக.

“எப்வாஸ்,” என்றார் கடைக்காரர், தம் பிள்ளையை அறிமுகம் செய்கிற தோரணையில். உள்ளங்கை அகலத்தில் வட்ட மரப்பெட்டி. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும் தோல். மேற்கே எப்வாஸ் என்ற கிராமத்துச் சீஸ். திராட்சை பிழிந்த சக்கையிலிருந்து வடிக்கும் ‘மார்’ என்ற சாராயத்தைத் தண்ணீரில் கலந்து, குறைந்தது நான்கு வாரம் அடிக்கடி கழுவிக் கழுவி முதிரவைப்பார்களாம். அந்த ஈரத்தில் வளரும் பாக்டீரியாதான் நிறத்துக்கும் நாற்றத்துக்கும் பொறுப்பு. இரண்டாம் உலகப் போரை ஒட்டி ஏறக்குறைய அழிந்தே போனதை 1956இல் ஒரு விவசாயத் தம்பதி மீட்டெடுத்திருக்கிறார்கள். (சைவ நண்பர்கள் கவனிக்க: இத்தகைய பாரம்பரிய சீஸ்களில் பெரும்பாலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்கிறது.)

கரண்டியால் கொஞ்சம் எடுத்து ரொட்டியில் தடவித் தந்தார். மூக்கு சொன்னதற்கும் நாக்கு சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. உப்பு, வெண்ணெய், கடைசியில் லேசான கசப்பு. கருவாட்டுக் குழம்பின் அடிமண்டியை வழித்துச் சாப்பிட்டவருக்கு இது புதிதல்ல.

“எப்போது சாப்பிடுவீர்கள்?” என்று கேட்டார். நாளை இரவு என்றேன். மூன்று பெட்டிகளைத் திறந்து, ஒவ்வொன்றையும் பெருவிரலால் மெதுவாக அழுத்திப் பார்த்து, மூன்றாவதைக் கட்டிக் கொடுத்தார்.

படியேறும்போது கீழ்வீட்டுக் கதவு திறந்தது. பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அம்மையார் ஒருமுறை மூச்சை இழுத்தார்.

“எப்வாஸ்தானே? மூலைக் கடையிலா?” முகம் மலர்ந்துவிட்டது. “சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். சில்லென்று இருந்தால் வாசனையே வராது.”