ஆஃபர் சட்டையும் முந்நூறு ரூபாய்க் கணக்கும்

போன ஆடித் தள்ளுபடியில் தி.நகரில் ஒரு கடைக்குப் போயிருந்தோம், பெயர் வேண்டாம். இரண்டு சட்டை எடுத்தால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தார்கள். நான் எடுத்ததில் இரண்டு 1,200 ரூபாய், ஒன்று 900. வழக்கம்போல விலை குறைந்ததுதான் இலவசம், கட்டியது 2,400. வீட்டுக்கு வந்து குண்டூசிகளைப் பிடுங்கி அட்டையை உருவிப் பார்த்தால், 1,200 ரூபாய்ச் சட்டை ஒன்றின் முதுகில் இழை ஓடிப்போய் நான்கு விரல் நீளத்துக்குக் கோடு. கடையில் மடித்து வைத்திருந்தபோது எப்படித் தெரியும்?

மறுநாள் பில்லோடு போய் நின்றேன். "ஆஃபர் பீஸ் ரிட்டர்ன் கிடையாது சார்" என்று கவுண்டரில் இருந்த தம்பி தலையை நிமிர்த்தாமலே சொன்னார். பில்லின் அடியிலும் பொடி எழுத்தில், விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. பல பேர் இந்த வரியைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறோம், அச்சில் இருந்தாலே சட்டம் என்று ஒரு நினைப்பு.

உண்மையில் அந்த வரிக்கு, பொருளில் குறை இருக்கும்போது, மதிப்பே கிடையாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது) பிரிவு 2(47)-இல் நேர்மையற்ற வணிக நடைமுறைகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பதும் அதில் ஒன்று. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள். முழு விலைக்கு வாங்கியதற்கு மட்டும்தான் என்று அதில் எங்கேயும் இல்லை. செகண்ட்ஸ், டேமேஜ் என்று சொல்லியே விற்றால் கதை வேறு, தெரிந்துதானே வாங்குகிறோம். நிறம் பிடிக்கவில்லை, மச்சானுக்கு அளவு சேரவில்லை என்பதற்கும் சட்டம் வராது, அதெல்லாம் கடைக்காரர் மனசு.

இதைச் சொன்னதும் மேலாளர் வந்தார். தன்மையான மனிதர்தான், கால்குலேட்டரை எடுத்து ஒரு கணக்குப் போட்டார். "ஒரு சட்டையைத் திருப்பிக் கொடுத்தால் உங்களிடம் இருப்பது இரண்டுதான் சார், ஆஃபர் உடைந்துவிடும். 1,200-ம் 900-ம் 2,100. நீங்கள் கட்டியது 2,400. அப்போ 300 ரூபாய் தருகிறோம்." 1,200 ரூபாய்ச் சட்டைக்கு 300! அதுவும் ரொக்கமாக இல்லையாம், கிரெடிட் நோட்டாம், அதையும் ஆஃபர் பொருளுக்குப் பயன்படுத்த முடியாதாம்.

நான் பில்லைக் காட்டினேன். அவர்களுடைய கம்ப்யூட்டரே 900 ரூபாய்த் தள்ளுபடியை மூன்று சட்டைக்கும் பிரித்துத்தான் போட்டிருந்தது, அதன்படி கிழிசல் சட்டைக்கு நான் கொடுத்த விலை 872 ரூபாய் 73 காசு. இலவசம் என்று சொல்கிறார்களே தவிர யாரும் சும்மா தருவதில்லை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பது இலவசமே அல்ல, ஒரு விலைக்கு இரண்டு பொருள் விற்பதுதான் என்று 2019 மார்ச்சில் வந்த ஜிஎஸ்டி சுற்றறிக்கையே சொல்லியிருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் இலவச சட்டைக்கும் நாம் 654 ரூபாய் சொச்சம் கொடுத்திருக்கிறோம், ஃப்ரீயாக வந்ததற்கு என்ன ரிட்டர்ன் என்று கேட்கவே முடியாது.

நியாயமாகச் சொன்னால், சட்டை பிடிக்கவில்லை என்று நானாகத் திருப்பியிருந்தால் மேலாளரின் 300 ரூபாய்க் கணக்கில் அர்த்தம் இருக்கிறது. இல்லாவிட்டால் எல்லோரும் மூன்று எடுத்துவிட்டு இரண்டைத் திருப்பிக் கொடுத்து 900 ரூபாய்ச் சட்டையை 654-க்குக் கொண்டுபோவார்கள். ஆனால் இங்கே ஆஃபரை உடைத்தது நானா, கிழிசல் துணியை விற்ற கடையா?

அவர் யோசித்தார். 1915-க்கு, அதுதான் தேசிய நுகர்வோர் உதவி எண், அங்கேயே போன் போடட்டுமா என்று கேட்டேன். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரை வழக்குக்குக் கட்டணம் கிடையாது, கடை எங்கே இருந்தாலும் நாம் இருக்கிற ஊரிலேயே போடலாம். ஒரு சட்டைக்கு யார் போவார்கள் என்பது கடைக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் அசைந்தது சட்டத்துக்கு என்றும் நான் நினைக்கவில்லை. எனக்குப் பின்னால் வரிசை மாடிப்படி வரை போயிருந்தது, அதில் ஒரு அம்மா "பாவம், மாத்திக் குடுங்கப்பா" என்று சத்தமாகச் சொன்னார்.

கடைசியில் அதே விலையில் வேறு சட்டை கொடுத்தார்கள். கணக்கும் இல்லை, கிரெடிட் நோட்டும் இல்லை. இந்த முறை அங்கேயே குண்டூசியைப் பிடுங்கி, முதுகு, அக்குள், காலர் எல்லாம் விரித்துப் பார்த்துத்தான் பையில் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் "ஏங்க, இதே நேவி ப்ளூல ஏற்கெனவே ரெண்டு இருக்கே" என்றாள் மனைவி. அதற்கு 2(47)-இல் இடமில்லை.