எந்த ரோடு, எத்தனை மணிக்கு?

"ஒரு ஹை-விஸ் வெஸ்ட் வேணும்" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் அளவைக் கேட்பதில்லை. குதிரையில் ரோட்டுக்குப் போகிறவர்கள் தூரத்திலிருந்தே கண்ணில் படுவதற்காக மேலே போடுகிற, பளிச்சென்ற நிறத்துக் கையில்லாத மேலங்கி அது. எந்த ரோட்டில் சவாரி, எத்தனை மணிக்குச் சவாரி என்றுதான் கேட்பேன். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும், மஞ்சளாக ஒன்றை எடுத்துக் கொடுத்தால் போதாதா, இவன் என்ன விசாரணை நடத்துகிறான் என்று. ஆனால் இந்தக் கடையில் சில குளிர்காலங்கள் நின்ற பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: இந்தச் சாமானுக்குக் காசு கொடுப்பவர் ஒருவர், இதைப் பார்க்க வேண்டியவர் இன்னொருவர். அவர் வளைவுக்கு அந்தப் பக்கம் காரில் வந்துகொண்டிருக்கிற, முன்பின் தெரியாத ஆள். அவர் கண்ணுக்கு வாங்க வேண்டியதை எல்லோரும் கடைக் கண்ணாடி முன்னால் நின்று தங்கள் கண்ணுக்கு வாங்குகிறார்கள்.

நான் வேலை செய்வது தெற்கு இங்கிலாந்தில், ஹாம்ப்ஷயரில், நியூ ஃபாரஸ்ட் என்கிற காட்டை ஒட்டிய ஒரு டேக் ஷாப்பில். சேணம், கடிவாளம், லாடக்காரர் கேட்கிற சில்லறை, குதிரைத் தீவனம், மழைக்கோட்டு எல்லாம் விற்கிற கடை. ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். குதிரை என்றால் அவர்களுக்கு மெரினா சவாரியும் கிண்டி ரேஸும்தான். அதற்கு ஒளிரும் காலுறை விற்கிறேன் என்றால் நான் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். இங்கே நிலைமை வேறு. காட்டுக்குள் வேலியில்லாத ரோடுகளில் 40 மைல் வேகம்தான், போனிகள், அதாவது குட்டை ரகக் குதிரைகள், இஷ்டத்துக்கு ரோட்டைக் கடக்கும், இரவில் தெரிவதற்காகச் சில போனிகளின் கழுத்தில் ஒளி திருப்பும் பட்டைகூட உண்டு. காட்டை விட்டு வெளியே வந்ததும், இரண்டு பக்கமும் காரை விட உயரமான புதர்வேலி நிற்கிற, ஒரு கார் மட்டுமே போகக்கூடிய பல சந்துகளில் சட்டப்படி 60 மைல் வரை போகலாம். அந்த வேகத்தில் ஒரு கார் நிற்க 73 மீட்டர் வேண்டும் என்று பிரிட்டிஷ் சாலை விதி நூலே சொல்கிறது. 30 மைலில் 23 மீட்டர். வளைவிலிருந்து குதிரை வரை 73 மீட்டர் கிடைக்கிற சந்து எங்கள் பக்கம் ரொம்பக் குறைவு.

அதனால்தான் ரோட்டைக் கேட்கிறேன். நேரத்தைக் கேட்பதற்குக் காரணம் வேறு.

ஹை-விஸ் என்று ஒரே பெயரில் விற்றாலும் அதற்குள் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன, வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. கண்ணைப் பறிக்கிற அந்த மஞ்சள், ஆரஞ்சு, பிங்க் துணி ஃப்ளோரசன்ட். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரிகிற நிறமாகத் திருப்பித் தரும். மேகமூட்டத்திலும் அந்தி நேரத்திலும் அது தனியாக எரிவதுபோல் தெரிவதற்குக் காரணம் அதுதான். இருட்டிய பிறகு அந்தத் துணிக்கு வேலை இல்லை, ஏனென்றால் கார் விளக்கில் புற ஊதாக் கதிர் பெரிதாக இல்லை. வெள்ளிநிறப் பட்டை அதற்கு நேர் எதிர். அதில் நுண்ணிய கண்ணாடி மணிகளோ சிறு பட்டகங்களோ பதித்திருக்கும், வெளிச்சம் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பும். பகலில் அது வெறும் சாம்பல் நிற ரிப்பன். மதியம் இரண்டு மணிக்குச் சவாரி போகிறவர் பட்டை அதிகம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, துணி குறைவாக உள்ள கறுப்பு ஜாக்கெட்டை வாங்கிப் போவார். காலை ஆறு மணி இருட்டில் லாயத்துக்குப் போய், வேலைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு சுற்று ஓட்டுகிறவர் பட்டையே இல்லாத பிங்க் மெஷ் வெஸ்ட்டை எடுப்பார். இரண்டுமே அந்தந்த நேரத்துக்குத் தண்டம்.

இதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூம் ஒன்று இருக்கிறது. வெஸ்ட்டை அங்கே ஆணியில் மாட்டிவிட்டு, விளக்கை அணைத்து, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்வேன். பட்டை பளீரென்று வெடிக்கும். அதே டார்ச்சை என் கையில் வாங்கி ஓரமாக நான் அடித்தால், அவர் கண்ணுக்குப் பட்டை சட்டென்று மங்கிவிடும். வெளிச்சம் என்னிடம் திரும்பி வருகிறது, அவரிடம் போகவில்லை. விளக்கு இல்லாமல் வருகிற சைக்கிள்காரருக்கு உங்கள் பட்டை எப்படித் தெரியும் என்று அதற்கப்புறம் நான் விளக்க வேண்டியதில்லை.

நிறம்பற்றிக் கேட்காதவர்கள் கிடையாது. எது பெஸ்ட், மஞ்சளா பிங்க்கா? மஞ்சள்தான் எங்கும் எடுபடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏப்ரல் கடைசியில் எங்கள் பக்கம் வயலில் எண்ணெய்க்கடுகு பூத்து அடிவானம் வரைக்கும் மஞ்சளாக இருக்கும்போது வந்து பார்க்க வேண்டும், புதர்வேலியின் இளம்பச்சையும் சேர்ந்துகொள்ளும், அதற்குள் மஞ்சள் வெஸ்ட் கரைந்துபோகும். அக்டோபரில் இலை பழுத்து விழும்போது ஆரஞ்சுக்கும் அதே கதி. பிங்க் நிறத்தில் எங்கள் கிராமப்புறத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, அதனால் நான் பிங்க் பக்கம் சாய்வேன். ஆண்கள் தயங்குவார்கள், குதிரைக்கு மட்டும் பிங்க் போடுங்கள், உங்களுக்கு மஞ்சள் இருக்கட்டும் என்று சமாதானம் செய்வேன். இரண்டு நிறம் கலந்தால் பின்னணி எதுவானாலும் ஒன்றாவது எடுபடும். ஒரு விஷயம் மட்டும்: ரோடு வேலைக்காரர்கள் அணிகிற ஈஎன் ஐஎஸ்ஓ 20471 தரத்தில் பிங்க் சேர்த்தி இல்லை, அதில் மஞ்சள், ஆரஞ்சு-சிவப்பு, சிவப்பு மூன்றுதான். பிங்க் வெஸ்ட்டில் அந்த எண்ணைத் தேடிக் கிடைக்கவில்லை என்று சிலர் போலி என்கிறார்கள், போலி இல்லை, அது வேறு வகைத் தரத்தில் வருகிற சாமான். அப்புறம், அந்தத் தரங்கள் மனிதர் உடுத்துகிற உடைக்கு எழுதப்பட்டவை. குதிரைப் போர்வைக்கு லேபிளை மட்டும் நம்பக் கூடாது, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

கறுப்புக்கு அடுத்த அளவில் மறைந்துபோவது அடர் பழுப்புக் குதிரைதான். மர நிழல் விழுந்த சந்தில் நின்றால் மேலே ஒரு மஞ்சள் மனிதர் மட்டும் மிதப்பார். அந்த மஞ்சள் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு நடந்துபோகிற ஆளாகவோ சைக்கிள்காரராகவோ தெரியலாம், அதற்கு ஏற்ற இடைவெளியைத்தான் அவர் மனது ஒதுக்கும், அரை டன் மிருகத்துக்கு ஒதுக்காது. வெஸ்ட் மட்டும் போதாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். இங்கே வந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவை மறக்க முடியாது. மகள் ஒரு போனியைப் பகிர்ந்து ஓட்ட ஆரம்பித்திருந்தாள், தலைக்கவசமும் பாடி ப்ரொடெக்டரும் வாங்கியதிலேயே பணம் கரைந்திருந்தது. நான் தமிழ் என்று தெரிந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, இதில எது முக்கியம் எண்டு மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

"முதல்ல கால் பட்டை எடுங்க அக்கா. அப்புறம் வால் உறை."

"காலுக்கோ? ஆர் காலைப் பாக்கினம்?"

டிரைவர்கள் பார்ப்பார்கள். எதிர் வாகனத்துக்காக விளக்கைத் தாழ்த்தி ஓட்டும்போது வெளிச்சம் ரோட்டை ஒட்டித்தான் விழுகிறது. குதிரையின் குளம்புக்குச் சற்று மேலே, கணு மூட்டின் மேல் கட்டிய பட்டைமீது அது முதலில் படும், சேணத்தின்மேல் இருக்கிறவர் முதுகுக்கு அப்புறம்தான் வரும். இன்னொன்று, கால் அசைகிறது. முதுகில் உள்ள பட்டை ஒரு கம்பமாகவோ வேலிக் கதவாகவோ இருக்கலாம், ஆனால் மேலும் கீழும் மாறி மாறிப் போகிற நான்கு வெளிச்சக் கீற்றுகளை மனித மூளை உடனே உயிருள்ளது என்று பிடித்துக்கொள்ளும். விலையும் குறைவு. வால் உறை பின்னாலிருந்து வருகிறவருக்கு. நாம் பார்க்காத திசை அதுதானே. சாலை விதி நூலும் இருட்டில் ரோட்டுக்கு வராமலிருப்பதே நல்லது என்று சொல்லிவிட்டு, வந்தே ஆக வேண்டுமென்றால் கணு மூட்டுக்கு மேல் பட்டை, முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்பும் காட்டுகிற விளக்கு என்று சொல்கிறது, வால் உறையையும் அழுத்திப் பரிந்துரைக்கிறது. விளக்கை வலது கையிலோ வலது காலிலோ கட்டச் சொல்வதற்குக் காரணம், இங்கே வண்டிகள் நம்மை வலப்பக்கமாகத்தான் தாண்டிப் போகும்.

அந்த அக்கா கால் பட்டையும் வால் உறையும் எடுத்துக்கொண்டார், விலைச்சீட்டைப் பார்த்து ஒரு தடவை தலையாட்டிவிட்டு.

குதிரைக்கு இது எதுவும் தெரியாது, அதற்குக் கவலை வேறு. வெல்க்ரோ பிரிக்கிற சர்ர்ர் சத்தத்துக்கே துள்ளிவிடுகிற குதிரைகள் உண்டு. எனவே கால் பட்டையை முதலில் லாயத்தில், அமைதியான நாளில், தொலைவிலிருந்து பிரித்துக் காட்டிப் பழக்க வேண்டும். சேணத்துக்குப் பின்னால் இடுப்பை மூடுகிற போர்வையை வாங்குகிறவர்களிடம் வாலுக்குக் கீழே போகிற கயிறு சேர்த்தியா என்று பார்க்கச் சொல்வேன், அது இல்லாவிட்டால் காற்றில் போர்வை தூக்கிக்கொண்டு முதுகில் அடிக்கும், லாரி தாண்டுகிற நேரத்தில் அப்படி நடந்தால் ஹை-விஸ்ஸே விபத்துக்குக் காரணமாகிவிடும். கால் பட்டை இறுக்கினால் தசைநாணுக்கு ஆகாது, தளர்த்தினால் குளம்பில் மாட்டும். உள்ளே ஒரு விரல் போக வேண்டும். நிறங்களைக் குதிரை நம்மைப்போல் பார்ப்பதில்லை, அதற்கு நீலமும் மஞ்சளும் நன்றாகப் பிரியும், சிவப்பும் பச்சையும் குழம்பும். இதை வைத்துத்தான் எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு பிரிட்டிஷ் பந்தயத் தடைகளில் ஆரஞ்சு போய் வெள்ளை வந்தது. உங்கள் குதிரை புதிய மஞ்சள் போர்வையைப் பார்த்து மிரண்டால் அது நடிக்கவில்லை, அதற்கு உண்மையிலேயே அது பளிச்சென்று தெரிகிறது.

காற்றுப்பை வெஸ்ட் போடுகிறவர்களுக்கு மேலே அணிகிற ஹை-விஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விழும்போது காற்றுப்பை விரியும், மேலே இறுக்கமான ஜிப் ஜாக்கெட் இருந்தால் அது விரிய இடமில்லாமல் உங்கள் விலாவைத்தான் நெருக்கும். பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த, இரண்டு அளவு பெரிய வெஸ்ட்தான் சரி. கடையில் போட்டுப் பார்க்கும்போது தொளதொளவென்று அசிங்கமாக இருக்கும். பரவாயில்லை, இருக்கட்டும்.

போலீஸ் உடைமாதிரி நீல வெள்ளைக் கட்டம் போட்டு, தூரத்திலிருந்து 'போலீஸ்' என்று தெரிகிற மாதிரி ஆங்கிலத்தில் 'பொலைட்' (மரியாதையாக) என்று எழுதிய வெஸ்ட்டைக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. வண்டிகள் மெதுவாகும் என்பது உண்மைதான், அதற்காக நான் அதைக் கையில் எடுத்துக் கொடுக்க மாட்டேன். 1996ஆம் வருடப் போலீஸ் சட்டப்படி போலீஸ்மாதிரி நடிப்பது குற்றம், எது நடிப்பு, எது இல்லை என்று ரோட்டோரத்தில் நின்று வாதாடுவதற்கு யாருக்கு நேரம்? 'மெதுவாக, அகலமாகத் தாண்டவும்' என்று எழுதியது இருக்கிறதே. 2022 ஜனவரி 29 முதல் சாலை விதி நூலில், குதிரையைத் தாண்டும்போது மணிக்கு 10 மைலுக்குக் குறைவு, குறைந்தது 2 மீட்டர் இடைவெளி என்று எண்ணோடு வந்துவிட்டது. கேட்பவர்கள் கேட்பார்கள்.

ஹை-விஸ்ஸால் ஒன்றும் ஆகாத நேரம் ஒன்று உண்டு, அதைச் சொன்னால் முதலாளி முறைப்பார், இருந்தாலும் சொல்வேன். குளிர்காலத்தில் வெயில் தாழ்ந்து கண்ணில் குத்தும்போது, சூரியனைப் பார்த்து ஓட்டி வருகிற டிரைவருக்கு நீங்கள் வெறும் நிழலுருவம்தான், எந்த நிறத்தைப் போட்டாலும் கறுப்பு. இதற்கு ஒரு சின்னக் கணக்கு வைத்திருக்கிறேன். உங்கள் நிழல் உங்களுக்குப் பின்னால் நீண்டு விழுந்தால், பின்னாலிருந்து வருகிற டிரைவர் கண்ணில் சூரியன் இருக்கிறது என்று அர்த்தம். அதுதான் ஆபத்தான பக்கம், ஏனென்றால் அவரை நீங்களும் பார்க்கவில்லை. அப்போது வேறு பாதை எடுங்கள், அல்லது அரைமணி கழித்துப் போங்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளியதும் அடுத்த வாரம் கடையில் இந்தச் சாமானுக்கு நெரிசல். டிசம்பரில் நான்கு மணிக்கே இங்கே இருட்டிவிடும். மார்ச் முடிந்ததும் எல்லோரும் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். ஜூனில்தான் மரங்கள் முழுசாக இலை விட்டுச் சந்துகள் சுரங்கம்மாதிரி இருக்கும், வெயிலிலிருந்து அந்த நிழலுக்குள் நுழைகிற டிரைவருக்குச் சில நொடி ஒன்றுமே தெரியாது, அப்போதுதான் வெஸ்ட் இன்னும் அவசியம். இதை எவ்வளவு சொன்னாலும் ஜூனில் நான் விற்பது ஈ விரட்டுகிற முகமூடிதான்.

பழைய வெஸ்ட்டைக் கொண்டுவந்து இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது என்று காட்டுகிறவர்களுக்கு ஸ்டோர் ரூமிலிருந்து புதிய ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டையும் கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடிப்பேன். வெயிலில் கிடந்து சாயம் வெளுத்திருக்கும், துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றித் துவைத்துத் துவைத்துப் பட்டையில் மணிகள் உதிர்ந்திருக்கும், மேலே போன நவம்பரின் சேறு. துவைக்கும் முறையும் எத்தனை துவைப்பு தாங்கும் என்பதும் லேபிளில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. அதிகம்பேர் உடனே புதியதை எடுத்துக்கொள்வார்கள். சிலர் பழையதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இதை நாயைக் கூட்டிப்போகும்போது போட்டுக்கொள்கிறேன் என்பார்கள். நாயும் அதே ரோட்டில்தான் போகிறது என்று சொல்லிப் பார்ப்பேன். விற்பனைக்காகச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.